மூச்சா, கேள்வியா? பதஞ்சலி வழியும் ரமணர் வழியும்

மனம் அடங்கினால்தான் உள்ளே இருக்கும் சுகம் தெரியும். இதில் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலிக்கும் திருவண்ணாமலை ரமணருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்த ஆனந்தத்துக்கு இருவரும் கொடுக்கும் இடம் வேறு வேறு.

யோக சூத்திரத்தில் எல்லாமே படிப்படிதான். யமம், நியமம் என்ற ஒழுக்கங்களில் தொடங்கி எட்டு அங்கங்கள்; மூச்சை அடக்கும் பிராணாயாமமும் அதில் சேர்த்தி. மனம் முழுக்க ஒன்றிப்போகும் சமாதிக்குள்ளும் படிகள் உண்டு, ஆனந்தம் அவற்றில் ஒன்று. அதையும் கடந்து, புருஷன் (உள்ளிருந்து பார்க்கும் அறிவு) பிரகிருதியை (மனமும் சேர்ந்த இயற்கையை) விட்டுத் தனித்து நிற்கும் கைவல்யம்தான் முடிவு. யோகம் என்றாலே ஆனந்தம் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பதஞ்சலிக்கு ஆனந்தம் நடுவழியில் வரும் ஊர்.

ரமணருக்கோ அதுதான் சொந்த ஊர். மனமே இல்லாத தூக்கத்தில் தினமும் அனுபவிக்கிறோமே, அந்தச் சுகம்தான் நம் இயல்பு என்று 'நான் யார்?' நூலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். எண்ணம் எழுந்தால் 'இது யாருக்கு?' என்று கேள். 'எனக்கு' என்று பதில் வரும். சரி, அந்த நான் யார்? அவ்வளவுதான் பயிற்சி.

மூச்சை அவர் ஒதுக்கவில்லை. மூச்சை அடக்கினால் வலையில் பட்ட பறவைபோல் மனமும் ஒடுங்கும் என்கிறது அவர் பாடிய உபதேச உந்தியார். ஆனால் ஒடுக்கத்தில் இரண்டு வகை: லயம், நாசம். லயத்தில் ஒடுங்கியது திரும்ப எழும்; நாசத்தில் அழிந்தது எழாது. லயத்துக்கு ரமணர் ஒரு கதை சொல்வார்: கங்கைக் கரையில் ஒரு யோகி, சீடனிடம் தண்ணீர் கேட்டுவிட்டுச் சமாதியில் ஆழ்ந்தார். பல காலம் கழித்துக் கண் விழித்ததும் அவர் கேட்டது, "தண்ணீர் எங்கே?"

இது எனக்கு நன்றாகவே தெரியும். ரமணாசிரமத்தின் பழைய ஹாலில் ஒருநாள் காலையில் மூச்சைக் கவனித்தபடி உட்கார்ந்திருந்தேன். வெளியே மயில் அகவியது, முழங்கால் மரத்துப்போனது, எதுவும் உறைக்கவில்லை. அப்படி ஒரு நிறைவு. வாசலில் செருப்பைத் தேடி எடுப்பதற்குள் பழைய கோபம் ஒன்று, விட்ட வாக்கியத்திலிருந்தே தொடங்கிவிட்டது.

அதனால் என் மனம் ரமணர் பக்கம்தான் சாய்கிறது. அதற்காக எல்லோரும் நேரே கேள்விக்குப் போய்விடலாம் என்று சொல்ல மாட்டேன். அலைகிற மனத்தோடு உட்கார்ந்தால் 'நான் யார்' வெறும் முணுமுணுப்பாகிவிடும். ரமணரே மித சாத்வீக உணவை முக்கிய நியமமாகச் சொல்கிறார். பதஞ்சலியின் நியமங்கள் இங்கேயும் வேண்டித்தான் இருக்கின்றன.

இப்போது காலையில் பத்து நிமிடம் மூச்சு. அப்புறம் அதை விட்டுவிட்டு, இந்த அமைதி யாருக்கு என்று பார்க்கிறேன். கோபம் இன்னும் வருகிறது. வந்ததும் 'யாருக்கு?' என்று கேட்டால், சில நாள் அதற்கு அடுத்த வாக்கியம் கிடைப்பதில்லை.