மலை மருத்துவ நிலையத்துக்கு ஆக்சிஜன்: உருளையா, செறிவூட்டியா?

நேபாளத்தின் கும்பு பகுதியில், எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் 1966-இல் திறக்கப்பட்ட குந்தே மருத்துவமனை சுமார் 3,840 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு நன்கொடை என்றதும் பலருக்கும், காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின் கருவியான செறிவூட்டிதான் நினைவுக்கு வரும். கொஞ்சம் பொறுங்கள்.

1,500 லிட்டர் ஆக்சிஜன் அடைத்த உருளை, நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரம் வரும். 5 லிட்டர் வைத்தால் 5 மணி நேரம்தான். தீர்ந்தால் சுமந்து இறக்கி, நிரப்பி, மறுபடி ஏற்ற வேண்டும். ஆனால் மின்சாரம் வேண்டாம். வாஷர் தேய்ந்து கசிந்தால் சோப்பு நுரை காட்டிக் கொடுத்துவிடும். வால்வில் எண்ணெய், கிரீஸ் மட்டும் படவே கூடாது, தீப்பிடிக்கும்.

நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் செறிவூட்டி சுமார் 350 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 8.4 யூனிட், சின்ன சோலார் பேனல் தாங்காது. அதைவிடப் பெரிய சிக்கல் உயரம்: காற்று மெலிந்த இடத்தில் பல மாடல்களில் ஆக்சிஜன் செறிவு குறைந்துவிடும். வாங்கும் முன் உயர வரம்பைப் பாருங்கள். செறிவு 82 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அலறும் சென்சார் கட்டாயம். வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரம் உள்ளே போனால், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் மணிகள் பாழ்.

மின்சாரம் நிலையாக வரும் ஊருக்குச் செறிவூட்டியே சரி. அங்கும் நிரம்பிய இரண்டு உருளைகள் பக்கத்தில் நிற்கட்டும்.