மாவுக்கட்டு காலுக்கு வாங்குன சாய்வு தலகாணி, 4 ஸ்டார்

அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிஞ்சு, முழங்காலுக்குக் கீழ மாவுக்கட்டு. முதல் ரெண்டு மூணு நாள் வீக்கம் ஏறும், கட்டு விரிஞ்சு கொடுக்காது, அதனால காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல வைக்கணும்னு டாக்டர் சொல்லி அனுப்புனாரு. வீட்ல இருந்த இலவம்பஞ்சு தலகாணி மூணை அடுக்குனோம், அம்மா லேசா அசைஞ்சாலே கால் சரிஞ்சிடும், ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சு அடுக்குனதுதான் மிச்சம், அதான் மறுநாளே இதை வாங்குனேன்.

ஸ்பான்ஞ் நல்ல கெட்டி, அமுங்கல. நடுவுல கால் பதியிற மாதிரி பள்ளம், குதிகால் வெளிய தொங்குற மாதிரி வச்சா அங்க அழுத்தமே இல்ல. ஆனா விக்கிறவங்க போட்டோல ஒருத்தர் சோபால உக்காந்து காலை இதுமேல வச்சிருக்காங்க, அது தப்புங்க, உக்காந்தா நெஞ்சு மேல போயிடும்ல, படுத்துதான் வைக்கணும். கவரும் வேர்க்குது, அதுக்குத்தான் ஒரு ஸ்டார் கம்மி.

தலகாணி இருக்குன்னு அசந்துடாதீங்க. அம்மா காலுல மெட்டி இருந்துச்சு, கழட்டவே மாட்டேன்னாங்க, விரல் வீங்கி மெட்டி சதைல பதிய ஆரம்பிச்சதும் அப்பாதான் பக்கத்துல உக்காந்து தேங்காய் எண்ணெய் தடவி மெதுவா உருவி எடுத்தாரு. மணிக்கொரு தடவ விரலை ஆட்டச் சொன்னோம். ஐஸை பிளாஸ்டிக் கவர்ல கட்டி துண்டு சுத்தி கட்டுமேல 15, 20 நிமிஷம் வச்சோம், கட்டு நனையாம பாத்துக்கிட்டோம்.

அப்படியும் ரெண்டாவது நாள் ராத்திரி, காலை தூக்கி வச்சும் மாத்திரை போட்டும் வலி ஏறிட்டே போச்சு, விரல் மரத்துப்போச்சுன்னாங்க, நகத்தை அமுக்கி விட்டா சட்டுனு ரெண்டு செகண்டுல திரும்ப வேண்டிய சிவப்பு வரவே இல்ல, தொட்டா சில்லுனு இருக்கு. இந்த மாதிரி ஆச்சுன்னா இன்னும் உயரமா தூக்காதீங்க, காலை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கிட்டு விடியட்டும்னு பாக்காம உடனே ஆஸ்பத்திரி போயிடுங்க, கட்டை நீங்களே வெட்டவும் வேணாம். எங்களுக்கு அங்க கட்டை நீளவாக்குல பிளந்து லூஸ் பண்ணி மேல பேண்டேஜ் சுத்துனாங்க, கொஞ்ச நேரத்துல அம்மா முகமே தெளிஞ்சுடுச்சு. லேட்டாயிருந்தா தசையே கெட்டுப்போயிருக்கும்னாங்க.

இப்ப கட்டு பிரிச்சாச்சு. சாயங்காலமானா கணுக்கால் இன்னும் லேசா வீங்குது, டிவி பாக்குறப்ப படுத்துக்கிட்டு இதுமேலதான் காலை வச்சுக்கிறாங்க.