டிக் என்ற சத்தத்தோடு நின்றுபோகும் காருக்குச் சரியான கடை

சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டில் லைட் எல்லாம் எரிகிறது, 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது, இன்ஜின் மட்டும் சுற்றவே மாட்டேன் என்கிறது. கோயம்புத்தூரில் யாராவது இந்தப் பிரச்சினையோடு அலைந்துகொண்டிருந்தால் சிங்காநல்லூரிலிருந்து வெள்ளலூர் போகிற ரோட்டில் இருக்கும் இந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு நேராகப் போங்கள். ஐந்து ஸ்டார் கொடுத்திருக்கிறேன், யோசித்துத்தான் கொடுத்தேன்.

எங்களுடையது ஒன்பது வருடம் ஓடிய பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர். ஒரு நாள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும், இன்னொரு நாள் ஆகாது, மழை பெய்திருந்தால் கண்டிப்பாக ஆகாது. முதலில் காட்டிய இடத்தில் பானட்டைக் கூடத் திறக்கவில்லை. சத்தத்தைக் கேட்டதுமே "பேட்டரி போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்றார்கள். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத பேட்டரி, வாரண்டி கார்டு வண்டியிலேயே இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஐயாயிரம் ரூபாய் செலவு செய்ய எனக்கு மனசு வரவில்லை. வண்டியைத் தள்ளி, இரண்டாவது கியரில் ஸ்டார்ட் செய்து இங்கே ஓட்டி வந்தோம்.

கடைக்கார அண்ணன் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "ஏனுங்க, டிக்டிக்டிக்குனு விடாம அடிக்குதுங்களா, இல்ல ஒரு டிக்கோட நின்னுக்குதுங்களா?"

இந்தக் கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூசாகவோ பூத்துப் போயோ இருக்கும். இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரில் இருக்கும் சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்) இழுக்கும், மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்ட் சடாரென்று இறங்கும், சொலினாய்டு பிடியை விட்டுவிடும், விட்டதும் வோல்ட் ஏறி மறுபடி இழுக்கும், அதுதான் அந்தப் படபடப்புச் சத்தம். ஒரே டிக் என்றால் கதை வேறு. சொலினாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது, அதற்கப்புறம் மோட்டார் சுற்றவில்லை. உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் தேய்ந்திருக்கலாம், இல்லையென்றால் கரண்ட் போகிற வழியிலோ திரும்பி வருகிற வழியிலோ எங்கேயோ தடங்கல் இருக்கலாம். எங்கள் வண்டி ஒரு டிக் ரகம்.

அப்புறம் மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில் 12.5 வோல்ட். முழு சார்ஜ் என்றால் 12.6 வரும், 12.2க்குக் கீழே போனால்தான் பாதி காலி என்று அர்த்தம், அதனால் இது நல்ல கணக்கு. ஆனால் சும்மா இருக்கும்போது வருகிற வோல்ட்டை மட்டும் நம்பக்கூடாது என்று சொல்லி, என்னைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். எங்களுடையது கிட்டத்தட்ட அசையவே இல்லை. அதாவது மோட்டார் கரண்டையே இழுக்கவில்லை. "பேட்டரி நல்லாத்தானுங்க இருக்குது, பாவம்" என்றார்.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. மீட்டர் ஒயரின் நுனியில் இருக்கும் ஒரு முள்ளை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலேயே வைத்தார், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் அல்ல. இன்னொரு முள்ளை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வைத்தார். மறுபடி சாவி. எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வருகிற வழி, நன்றாக இருந்தால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும், மீட்டரில் 9க்கு மேல் ஓடியது. அந்த இரண்டாவது முள்ளை பாடியில் வைத்தால் ஒன்றுமே இல்லை. ஆக, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் போகிற எர்த் ஒயர்தான் குற்றவாளி. செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும், அது இந்த ஒயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும், லைட்டுக்கும் ஹாரனுக்கும் பாடி எர்த்தே போதும், அதனால்தான் மற்றதெல்லாம் வேலை செய்தும் வண்டி மட்டும் கிளம்பவில்லை.

கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து அந்த ஒயரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெளியே பார்க்க ஒரு குறையும் தெரியவில்லை, கறுப்பு உறை அப்படியே இருந்தது. முனையை லேசாக வளைத்ததும் உள்ளேயிருந்து பச்சைப் பொடி கொட்டியது, செம்பு இழைகளில் பாதிக்கு மேல் அறுந்து போயிருந்தன. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் புது ஒயரைப் போட்டார், போல்ட் உட்காரும் இடத்தை எமரி தாளால் வெள்ளையாகும் வரை தேய்த்தார், மேலே வாஸ்லைன் தடவினார். முதல் திருப்பலிலேயே ஸ்டார்ட் ஆனது. அதோடு விடாமல் ஓடுகிற இன்ஜினில், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து 14.2 வோல்ட் வருகிறதா என்றும் பார்த்த பிறகுதான் பானட்டை மூடினார். ஒயருக்கும் கூலிக்கும் சேர்த்து 650 ரூபாய்.

செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் தட்டினால் ஸ்டார்ட் ஆகுமே என்று கேட்டேன். கார்பன் தேய்ந்த மோட்டாராக இருந்தால் தட்டினதும் ஒரு தடவை ஓடும், அதை நம்பி ஊருக்குக் கிளம்பாதீங்க என்றார். நியாயமான பேச்சு.

குறை என்றால் இடம்தான். கடை முன்னால் இரண்டு கார் நிற்பதே கஷ்டம், சாயங்காலம் ஆட்டோக்கள் வரிசை கட்டிவிடும், போன் செய்தால் பாதி நேரம் எடுக்க மாட்டார், வேலையில் கை இருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், சாவியைத் திருப்ப இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கடையில் அவர் ஒருவர்தான்.