'புரதம் 22%' என்று அச்சடித்த மாட்டுத்தீவன மூட்டை: வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் கவனம்

சேலம் மாவட்டம் வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் இதை முழுசாகப் படியுங்கள். டெம்போவில் ஊர் ஊராக வந்து, கடை விலையைவிடக் குறைத்துக் கலப்புத் தீவனம் விற்கிறார்கள். சாக்கில் 'புரதம் 22%' என்று பெரிதாக இருக்கும். பில் கிடையாது, தயாரித்த தேதி கிடையாது, முகவரியும் கிடையாது.

எங்கள் மாடுகளுக்கு அதைப் போட ஆரம்பித்ததும் பால் இறங்கியது. பால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடச்சத்து) குறைகிறது என்று விலையைக் குறைத்தார்கள். சாணியில் உமித்தூள் தின்றது தின்றபடியே கிடந்தது. ஒரு மூட்டையின் அடித்தூளை வைத்த அன்று, தின்ற கொஞ்ச நேரத்திலேயே ஜெர்சி கலப்பு மாடு ஒன்று நடுங்கி, நுரை தள்ளி, வயிறு உப்பிச் சாய்ந்துவிட்டது. டாக்டர் ஓடிவந்து குளிர்ந்த தண்ணீரில் வினிகர் கலந்து குழாய் வழியாக உள்ளே விட்டுக் காப்பாற்றினார். யூரியா நஞ்சு என்றார்.

விற்றவரைப் போனில் பிடித்தால், "லேப்ல குடுத்துப் பாருங்கண்ணா, புரதம் குறைஞ்சா காசத் திருப்பித் தர்றேன்" என்கிறார். அந்தத் தைரியம் சும்மா வரவில்லை. சாதாரணப் பரிசோதனையில் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். யூரியாவில் 46% நைட்ரஜன். கணக்குப் போட்டால் அதன் 'புரதம்' 287%! நூறு கிலோ கலவையில் 3 கிலோ யூரியா தூவினாலே காகிதத்தில் 8 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் மாதிரி கொடுத்தோம். புரதம் ஏறக்குறைய சாக்கில் போட்டபடியே வந்தது. யூரியாவும், நாரும், மணல் சிலிக்காவும்தான் எக்கச்சக்கம்.

மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் தீவனத்தைப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. யூரியா அங்கே போனதும் மளமளவென்று அம்மோனியாவாக உடையும். நுண்ணுயிர்கள் அதைப் புரதமாக்க வேண்டுமென்றால் அதே நேரத்தில் மாவுச்சத்தும் கிடைக்க வேண்டும். மிஞ்சிய அம்மோனியா ரத்தத்தில் ஏறி, கல்லீரல் சமாளிக்க முடியாமல் போனால் மாடு விழும். இந்தியத் தரநிலை கலப்புத் தீவனத்தில் யூரியாவுக்கு 1% என்று வரம்பு கட்டியிருப்பது இதனால்தான்.

நம்ம சேகோ (ஜவ்வரிசி) மில்லில் குச்சிக்கிழங்கிலிருந்து மாவெடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பியும் அந்தக் கலவையில் இருந்தது. திப்பியை நான் குறை சொல்ல மாட்டேன். குச்சிக்கிழங்கு மாவுச்சத்து வேகமாகச் செரிக்கும், புரதம்தான் ரொம்பக் குறைவு. அளவாகப் போட்டு, கடலைப் புண்ணாக்கும் சோளத்தட்டும் சேர்த்துக் கொடுத்தால் நல்ல தீவனம். அரைத்த உமி அப்படியில்லை. தீவனத்தை நைலான் பையில் கட்டிப் பெருவயிற்றுக்குள் வைத்து, 24 அல்லது 48 மணி நேரம் கழித்து எடுத்து எடை போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. வைக்கோலே அதில் ஓரளவு கரையும். உமியோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். சிலிக்காவும் லிக்னின் என்ற மரச்சத்தும் நுண்ணுயிர்களை அண்டவிடாது. வயிறு நிறைந்து மாடு சாந்தமாக நிற்பதைப் பார்த்து நாம் திருப்திப்படுவோம், உடம்பில் ஒன்றும் ஒட்டியிருக்காது. வாயில்லா ஜீவனை இப்படிப் பட்டினி போட்டுக் காசு பார்க்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஒரு கைப்பிடித் தீவனத்தைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: உமி மிதக்கும், மணல் அடியில் தங்கும். ஆய்வகத்துக்கு அனுப்பினால் மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து அனுப்புங்கள். புரதத்தோடு யூரியா, நார், அமிலத்தில் கரையாத சாம்பல் (மணல், சிலிக்கா எவ்வளவு என்று காட்டுவது) ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். பெருவயிறு இன்னும் வளராத கன்றுக்கு யூரியா கலந்த எதையும் வைக்கவே கூடாது. தின்றபின் நடுக்கமோ நுரையோ கண்டால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் அடியுங்கள்.