நாரஹேன்பிட்டியா, புதுக்கடையா: காயம்பட்ட வீரர் எந்தப் படியேறுவது?

சித்தியின் மகன் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தங்கித்தான் கொழும்புக் கழகம் ஒன்றுக்குக் கால்பந்து விளையாடினான். இரண்டு பருவத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம். முதல் பருவம் முடியும் முன்பே பயிற்சியில் முழங்கால் மூட்டைத் தாங்கும் ஏசிஎல் என்ற நார் அறுந்தது. சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் மாதம், "உங்கள் சேவை இனித் தேவையில்லை" என்று கடிதம் வந்தது. செயலாளரைக் கேட்டோம். "தம்பி, அது சும்மா பேப்பர். கால் சரியானதும் வா, திரும்ப சைன் பண்ணுவம்" என்றார். அவனும் நம்பிக் காலைப் பார்த்தான். ஏசிஎல் அறுந்தவர் மைதானம் திரும்ப ஒன்பது மாதமாவது வேண்டும். வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழில் நியாயசபைக்குப் போக இருக்கும் அவகாசமோ 6 மாதம். அவன் மெதுவாக ஓடத் தொடங்கியபோது அந்த வழி அடைபட்டிருந்தது.

நான் சட்டத்தரணி இல்லை. அவனோடு படியேறி இறங்கியவன். வேறொரு பையன் இதே இடத்தில் நின்றால் எதை எதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

எந்த வழிக்கும் முன்னால் சம்பளச் சிட்டையை எடுத்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம் கழிகிறதா, கழகம் 12 வீதம் போடுகிறதா? அப்படியென்றால் நீங்கள் ஊழியர் என்று அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. இல்லையென்றால் "இவர் சுயாதீன ஒப்பந்தக்காரர்" என்ற வாதம் வரும். அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் வேலையாள் என்பதற்குத் தரும் விளக்கம் அகலமானது. ஒருவர் தானே நேரில் வேலை செய்து கொடுக்கும் ஒப்பந்தத்தையும் அது தொடுகிறது. பயிற்சி நேரத்தை யார் தீர்மானித்தது, வேறு கழகத்துக்கு ஆட விட்டார்களா என்பதெல்லாம் அங்கே பேசப்படும். அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள்.

உண்மையான போட்டி தொழில் நியாயசபைக்கும் மாவட்ட நீதிமன்றத்துக்கும் இடையில்தான். நியாயசபையில் செலவு குறைவு. சட்டத்தரணி கட்டாயமில்லை, தொழிற்சங்கப் பிரதிநிதி உங்களுக்காகப் பேசலாம். ஒப்பந்தத்தின் எழுத்தோடு நிற்காமல், எது நியாயமும் ஒப்புரவும் ஆனது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். மீண்டும் வேலை, அல்லது நட்டஈடு. நீக்கியதை ஒப்புக்கொண்டால் அது ஏன் நியாயம் என்று காட்டும் சுமை கழகத்துடையது. ஆகவே கழகங்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "நாங்கள் நீக்கவில்லை, ஒப்பந்தக் காலம் முடிந்தது." ஒரு பருவ ஒப்பந்தம் இயல்பாகவே முடிந்திருந்தால் அந்தப் பதிலை உடைப்பது கஷ்டம். இடையில் வெட்டியிருந்தால் உடையும்.

புதுக்கடையில் இருக்கும் மாவட்ட நீதிமன்றம் வேறு மாதிரி. எழுத்து ஒப்பந்தத்தை மீறியதற்கு வழக்குப் போட 6 வருடம் உண்டு, வாய்ப்பேச்சு ஒப்பந்தம் என்றால் 3 வருடம். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மீதிப் பருவத்தின் சம்பளத்தை நட்டமாகக் கேட்கலாம். ஆனால் உங்களைத் திரும்ப அணியில் சேர் என்று அங்கே உத்தரவு வாங்க முடியும் என எதிர்பார்க்க வேண்டாம். இழுபடும், சட்டத்தரணிக்கும் கட்ட வேண்டும். வருமானம் குறைந்தவர் சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரிக்கலாம். இரண்டையும் போட்டுப் பார்ப்போம் என்றும் நினைக்க முடியாது. அதே விடயத்துக்கு முதலில் வேறு சட்டப் பரிகாரத்தை நாடியவருக்கு நியாயசபை கிடைக்காது. நியாயசபையில் விசாரித்து முடிந்தவருக்கு மற்றது கிடைக்காது.

என்னைக் கேட்டால், 6 மாதத்துக்குள் இருப்பவர் நியாயசபைக்கே போகட்டும். பெரிய தொகை மீதமிருக்கும் நீண்ட ஒப்பந்தக்காரருக்குத்தான் புதுக்கடை கணக்குச் சரிவரும்.

கம்பனிக்கு ஆடும் கிரிக்கெட்காரரின் கதை வேறு. கொழும்பில் எத்தனையோ பேர் பெயருக்கு மார்க்கெட்டிங் எக்செகியூட்டிவ், வேலைக்கு வேகப்பந்து வீச்சாளர். தோள்பட்டை போனதும் கம்பனி கைவிட்டால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அவருக்கு நல்ல ஆயுதம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நீக்க, அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். காயம் ஒழுக்கக்கேடு இல்லையே. நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், இதற்கும் 6 மாதம்தான். அதனால்தான் சில கம்பனிகள் இராஜினாமாக் கடிதத்தை நீட்டுகின்றன. கையெழுத்துப் போட்டால் நீங்களாகவே விலகியதாகிவிடும்.

வேலையாள் நட்டஈடு இவற்றோடு போட்டி போடுவதில்லை. அது ஒப்பந்தத்தைப் பற்றியதல்ல, உடம்பைப் பற்றியது: 1934ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, வேலையின்போது வேலையால் வந்த காயத்துக்கான பணம். 2022இல் உச்சத்தொகை 20 இலட்சமாக உயர்ந்தது. ஆனால் அதே காயத்துக்குக் கவனயீனம் என்று சிவில் வழக்கும் போட்டு இரண்டு பக்கமும் வாங்க முடியாது.

ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு வாசகம், அதாவது பிணக்கை நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுத்தீர்ப்பாளரிடம் விடுவது என்ற வரி, இருக்கிறதா என்றும் பாருங்கள். 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, அது இருந்து எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் நீதிமன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை. விரைவு, இரகசியம், எல்லாம் சரி. நடுத்தீர்ப்பாளரின் கட்டணத்தையும் தரப்புகளே கொடுக்க வேண்டும். மாதம் சில பத்தாயிரம் வாங்கும் பையனுக்கு அது கதவில் தொங்கும் பூட்டு மாதிரி.

கால்பந்தில் எனக்கு எரிச்சல் தரும் வேறுபாடு ஒன்று உண்டு. எங்கள் பையனோடு நைஜீரியாவிலிருந்து வந்த ஒருவரும் ஆடினார். அவருக்கு இதே காயம் வந்திருந்தால், வீரருக்கும் கழகத்துக்கும் நாடு வேறு என்பதால் உலகக் கால்பந்துச் சம்மேளனமான பீபாவின் பிணக்குத் தீர்வு மன்றத்துக்கு நேரே போகலாம். வீரருக்கு அங்கே நடைமுறைக் கட்டணம் இல்லை, அவகாசம் 2 வருடம். காயம் ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் அல்ல என்பதை அந்த மன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பணம் கட்டாத கழகத்துக்கு மூன்று பதிவுக் காலங்கள் வரை புதிய வீரரைப் பதியத் தடை விழலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் ஆடும் பையனுக்கு இது எதுவும் இல்லை. அவனே மாலைதீவுக் கழகம் ஒன்றுக்குப் போய் அங்கே அடிபட்டால் உண்டு!

கடைசியில் நாங்கள் புதுக்கடைக்குத்தான் போனோம், வேறு வழி மிஞ்சவில்லை. கோரிக்கைக் கடிதம் கிடைத்ததும் கழகம் மூன்று மாதச் சம்பளத்தைத் தருகிறோம் என்றது, ஒரு தாளோடு. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, காயம் சம்பந்தமாகவும் இல்லை என்று அதில் இருந்தது. அவன் கையெழுத்துப் போடவில்லை. இப்போது பாடசாலை ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறான். வழக்கின் அடுத்த தவணை பங்குனியில்.