சேலம் பக்கம் பன்றி வளர்ப்போர் சங்கத்துல சேரலாமா? மெம்பரா என் கருத்து

வெண்பன்றி பண்ணை போடலாம்னு இருக்கோம், சங்கத்துல சேர்ந்தா பிரயோஜனம் உண்டான்னு நிறைய பேர் கேக்குறாங்க. குப்பனூர் பக்கம், ஏற்காடு அடிவாரத்துல எங்க பண்ணை, நானும் மெம்பர்தான், அதனால சொல்றேன்.

மானியத்துக்காக மட்டும் சேராதீங்க. தேசிய கால்நடை இயக்கத்துல 100 தாய்ப்பன்றி, 10 ஆண் பன்றி இருக்கிற யூனிட்டுக்கு பாதி மானியம், அதிகபட்சம் 30 லட்சம். அதுக்கு நாமளே ஆன்லைன்ல அப்ளை பண்ணலாம். சங்கத்துல பேப்பர் சரிபார்த்து குடுப்பாங்க, ஆனா பேங்க் லோன் கிடைக்கிறது அவங்க கையில இல்ல.

சேர வேண்டியது ரேட்டுக்காக. பன்றி நூறு கிலோ கிட்ட வந்துட்டா அதுக்கு மேல திங்கிற தீவனத்துக்கு ஏத்த மாதிரி எடை ஏறாது, நிறுத்தி வச்சா தினமும் நம்ம காசுதான் போகும், இது வியாபாரிக்கு நல்லாவே தெரியும், அதனால கேரளாவுல ரேட் விழுந்துருச்சுன்னு அவரு ஒரு வார்த்தை சொன்னா முன்னாடியெல்லாம் நாங்க தலையாட்டித்தான் ஆகணும். இப்ப சங்கத்து குரூப்ல காலையிலயே உயிர் எடை ரேட் வந்துடுது. எடை போடுறதும் அப்படித்தான். முன்னாடி கால கட்டி கம்புல தொங்கவிட்டு, துள்ளுற பன்றிக்கு முள்ளு எங்க நிக்குதோ அதுதான் கணக்கு, அதுலயும் வயித்துல இருக்கிற தீவனத்துக்குன்னு சில கிலோ கழிச்சுடுவாங்க. இப்ப சங்கத்துல கூண்டு வச்ச எலக்ட்ரானிக் தராசு இருக்கு, பண்ணை பண்ணையா போகுது, பன்றி உள்ள நடந்து போய் நிக்குது, நம்பர் ரெண்டு பேருக்கும் தெரியுது. இந்த ஒண்ணுக்கே சந்தா தகும்.

நோய் விஷயத்துல இவங்கள மனசார பாராட்டணும். 2020-ல அசாம்ல ஆப்பிரிக்க பன்றிக்காய்ச்சல் வந்தப்ப எங்கயோ தூரத்துலன்னு இருந்தோம், 2022 ஜூலையில வயநாடு மானந்தவாடிக்கே வந்துருச்சு. சாதா பன்றிக்காய்ச்சலுக்கு ஊசி இருக்கு, இதுக்கு நம்ம நாட்டுல ஊசியும் இல்ல மருந்தும் இல்ல. மனுஷனுக்கு தொத்தாது, ஆனா ஒரு பண்ணையில உறுதியாச்சுன்னா சுத்தி 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற பன்றி எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க, அப்ப பக்கத்து பண்ணைக்காரன் ஒழுங்கா இருந்தாதான் நாம பிழைக்க முடியும். அதுக்குத்தான் சங்கம் வேணும். வாழப்பாடி அண்ணன் ஒருத்தர் கொட்டகையில எங்க எல்லாரையும் நிக்க வச்சு காட்டினாங்க: பன்றிக்கு தீவனமா போடுற ஹோட்டல் கழிவ ட்ரம்முல போட்டு விறகு அடுப்புல நல்லா கொதிக்கவிட்டு, கொதி வந்தப்பறமும் அரை மணி நேரத்துக்கு மேல அடிவரைக்கும் கிண்டிக்கிட்டே இருந்தாரு, கறித்துண்டு நடுவுல சூடு ஏறலன்னா கிருமி அப்படியே இருக்கும்னாரு. வாசல்ல மருந்து தண்ணி தொட்டி, தீவன வண்டி டிரைவர் கூட கால நனைக்காம உள்ள வர முடியாது. மலையிலேர்ந்து காட்டுப்பன்றி இறங்குற எங்க பக்கத்துக்கு வேலி எவ்ளோ முக்கியம்னு அங்கதான் புரிஞ்சுது.

ஆத்தூர் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில மிஞ்சுற மரவள்ளி சக்கை, அதான் திப்பிய, லோடா சேர்ந்து வாங்கித் தர்றாங்க, வண்டி வாடகை மிச்சம். திப்பி வெறும் மாவுச்சத்துதான், புண்ணாக்கு சோயா சேர்க்காம குட்டிக்கு போட்டுடாதீங்க.

குறைன்னா ஒண்ணு இருக்கு, பெரிய குறை. எங்க பக்கம் கொட்டகை கழுவுறது, ராத்திரி முழிச்சு குட்டி எடுக்குறது, தீவனம் கலக்குறது எல்லாம் பாதிக்கு மேல பொம்பளைங்கதான். மெம்பர்ஷிப் மட்டும் வீட்டுக்காரர் பேர்ல, குரூப்ல அவரு நம்பர். நோய் அலர்ட் வந்தா அவரு வேலை முடிஞ்சு வந்து சொல்ற வரைக்கும் கொட்டகையில நிக்கிற அக்காவுக்கு தெரியாது. ஒரு பண்ணைக்கு ரெண்டு நம்பர் சேர்க்கணும், கூட்டத்தையும் சாயங்காலம் குட்டிக்கு தீவனம் வைக்கிற நேரத்துல வைக்காம மத்தியானம் வைங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேன். புதுசா சேர்றவங்களும் ஃபார்ம்லயே ரெண்டு நம்பர் எழுதிக் குடுங்க.