சீட்டாடி அன்டிபயோடிக் படித்த கதை

நுவரெலியாவில் மழை விடாமல் கொட்டிய ஒரு ஞாயிறு, ஆஸ்பத்திரி குவாட்டர்ஸில் பயிற்சி டொக்டர்மார் நாலு பேர் போர்வையைச் சுற்றிக்கொண்டு, பிளேன்டியும் ரொட்டியும் கட்டசம்பலுமாக உட்கார்ந்து ஆடிய சீட்டுக்கட்டைப் பற்றித்தான் இது. ஒரு பக்கம் கிருமிகள், மறுபக்கம் மருந்துகள். பொருத்தம் தெரியாமல் சீட்டைப் போட்டால் ஆள் காலி.

சியூடோமோனாஸ் என்ற கிருமிச் சீட்டு விழுந்ததும் நான் பெருமையாக செஃப்ட்ரையாக்சோன் மருந்தை வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அதற்கு செஃப்டசிடைம் மாதிரி ஒன்று வேண்டும் என்று நோட்டில் மூன்று தரம் எழுதியும் மண்டையில் ஏறாதது, அந்த ஒரு சிரிப்பில் ஏறிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. டோஸ் கிடையாது, சிறுநீரகம் பழுதானவருக்கு மருந்தைக் குறைக்கும் பேச்சே இல்லை. அப்புறம், வெளிநாட்டில் செய்தது என்பதால் அங்கே உண்ணி கடித்து வரும் லைம் நோய்க்குச் சீட்டு இருக்கிறது, ஆனால் காய்ச்சலோடு வருபவரின் கக்கத்திலும் இடுப்பிலும் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த புண்ணைத் தேடவைக்கும் நம்மூர் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு இல்லை! மருந்துப் பெட்டி அட்டையை வெட்டி நாங்களே ஒன்று செய்தோம்: பென்சிலினுக்கு மசியாது, டொக்சிசைக்ளின் போட்டால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். எலிக்காய்ச்சலுக்கும் ஒரு சீட்டு எழுதினோம், அது பென்சிலினுக்கே பணியும்.

எழுத்து பொடி, விதிகள் புரியவே ஒரு மணி நேரம் போச்சு. பரீட்சைக்கு முந்தின வாரம் வாங்காதீர்கள். வார்டுக்கு வந்தபிறகு நாலு பேர் காசு சேர்த்து வாங்கினால் சரி.